பாட்டைப் பாடமாக்கிய பெரியசாமித் தூரன்

சம்பள நாளன்று ஆலைச் சன்னலருகே வரிசையில் நின்று, மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்திப் பதிவேட்டில் உருட்டிய தலைமுறையை நாம் அறிவோம். நம்மில் பலருக்கு அவர் பாட்டன், சிலருக்குத் தந்தை. கோவை வட்டாரத்துப் பஞ்சாலைகளில் இரவென்றும் பகலென்றும் பாராது நூல் நூற்ற அந்தக் கைக்குத் தன் பெயரின் முதலெழுத்தைப் போடத் தெரியாது. ஆனால் ஊரில் நோன்பி சாட்டி உடுக்கைச் சத்தம் எழுந்துவிட்டால், அதே மனிதர் வேறு மனிதராகிவிடுவார். அண்ணன்மார் கதையை விடிய விடியப் பாடுவார். அடி பிசகாது, பெயர் மாறாது, தாளம் தப்பாது.

ஆயிரக்கணக்கான அடிகளை நெஞ்சிலே சுமந்தவருக்கு 247 எழுத்து ஏறவில்லை என்றால், குற்றம் யாருடையது தோழர்களே? அந்த நெஞ்சின் குற்றமா? வறுமை ஒரு பக்கம் அவரைப் பள்ளிக்குப் போகவிடாமல் தடுத்தது. சாதி இன்னொரு பக்கம் தடுத்தது. இரண்டையும் தாண்டி உள்ளே போனவனையும் பள்ளிக்கூடம் என்ன செய்தது? அவன் பாட்டைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பிரம்பை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டது. பாட்டு வேறு, பாடம் வேறு என்று கோடு கிழித்தது.

அந்தக் கோட்டை அழிக்க வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட கொங்கு நாட்டார் ஒருவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். ம. ப. பெரியசாமித் தூரன் என்பது அவர் பெயர். கச்சேரி மேடைகளில் அவர் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. முருகன் மீதும் கண்ணன் மீதும் உருகிப் பாடியவர். காந்தியார் வழியில் நின்றவர். காவியும் கதரும் உலவிய பள்ளியில் ஆசிரியராய் இருந்தவர். இவரைப் பற்றி நம் ஏட்டில் என்ன பேச்சு என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். பொறுத்திருந்து படியுங்கள். மாற்று முகாமில் இருந்தார் என்பதற்காக ஒருவர் செய்த நற்பணியை மூடி மறைப்பது நம் வழக்கமல்ல; உழைப்பாளியின் பிள்ளைக்கு எழுத்தறிவு கிடைக்க உதவியவர் எந்த முகாமினராயினும் நமக்கு வேண்டியவரே.

ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிக்கு அருகே மஞ்சக்காட்டுவலசு என்றொரு சிற்றூர். அங்கே 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். தூரன் என்பது அவர் சூடிக்கொண்ட புனைபெயரன்று. கொங்கு வேளாளர் கூட்டங்களுள் ஒன்றின் பெயர் அது. வலசு என்றால் எப்படி இருக்கும் என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் காடு, நடுவில் நாலைந்து வீடு, ஒரு கிணறு, ஒரு மாட்டுக் கட்டுத்தறி. அச்சடித்த தாள் அபூர்வம். ஆனால் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஏற்றம் இறைப்பவனுக்கு ஒரு பாட்டு, நாற்று நடுபவளுக்கு ஒரு பாட்டு, தொட்டில் ஆட்டும் ஆத்தாளுக்கு ஒரு பாட்டு, கும்மிக்கு ஒன்று, காவடிக்கு ஒன்று, இழவுக்கு ஒன்று. இந்தக் காற்றை மூச்சில் இழுத்துக்கொண்டுதான் அந்தப் பையன் மொடக்குறிச்சியில் தொடக்கக் கல்வி கற்றான். பிறகு ஈரோட்டு மகாஜன உயர்நிலைப் பள்ளிக்குப் போனான். அங்கிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றான்.

கல்லூரியில் அவர் எடுத்த பாடம் கணிதம். தமிழ்ப் புலவர் பட்டம் பெற வந்தவரல்லர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு சேர்ந்து பித்தன் என்ற பெயரில் ஒரு பத்திரிகையும் நடத்தினார். 1931 மார்ச் 23ஆம் நாள் பகத்சிங்கும் அவர் தோழர்கள் இருவரும் லாகூரில் தூக்கிலிடப்பட்டனர். நாடு கொதித்தது. அந்தக் கொதிப்பிலே இறுதித் தேர்வை எழுதாமல் வெளியே வந்த மாணவர்களில் தூரனும் ஒருவர். பட்டம் வாங்கினால் சர்க்கார் உத்தியோகம் காத்திருந்த காலம் அது. உழவர் வீட்டுப் பையன் அதைத் தூக்கியெறிவது எளிய காரியமா?

பிறகு அவர் ஆசிரியரானார். கோபிச்செட்டிபாளையத்தில் சில காலம். அதன்பின் பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயம். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில், மேற்கே குருடி மலையும் பாலமலையும் நிற்க, ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கும் ஊர் அது. இன்று அங்கே போனால் எந்திரத் தொழிற்சாலையும் வார்ப்படச் சாலையும் உதிரிப்பாகப் பட்டறையும் காண்கிறோம். அன்று அது சோளக்காட்டு ஊர். தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் கோவையில் தொடங்கிய அந்தப் பள்ளி, பின்னர் இந்த மலையடிவாரத்துக்கு வந்தது. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் ஒரே இடத்தில் தங்கி, உண்டு, கூட்டிப் பெருக்கி, தோட்ட வேலை செய்து படிக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த நாளில் அது சிறிய செய்தியன்று. அங்கே 1948 வரை தூரன் ஆசிரியராக இருந்தார்.

அவர் ஆனா ஆவன்னா வகுப்பில் நின்றவர் என்று நாம் கதை கட்டப் போவதில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவருக்குக் கற்பித்தவர் அவர். ஆனால் உயர் வகுப்புக்கு வரும் பையன் எப்படிப்பட்ட பையனாக வருகிறான் என்பதை நாள்தோறும் பார்த்தவர். வீட்டில் வாயாடியாகத் திரியும் பிள்ளை பள்ளியில் ஊமையாவது ஏன்? காட்டில் ஆடு எண்ணத் தெரிந்தவன் கரும்பலகை முன்னே விழிப்பது ஏன்? இந்தக் கேள்வி அவரை உளவியல் நூல்களிடம் கொண்டு சேர்த்தது. தமிழில் உளவியல் என்ற பேச்சே அரிதாக இருந்த அந்தக் காலத்தில் குழந்தை உள்ளம், குமரப் பருவம், தாழ்வு மனப்பான்மை, அடிமனம் என்று எளிய தமிழில் நூல் மேல் நூலாக எழுதினார். பிராய்டையும் பிறரையும் வலசுக்காரனுக்கும் விளங்கும்படி எழுதிய துணிவை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது.

அடுத்தது பாட்டு. கணக்கு வாத்தியார் பாட்டு எழுதினார், நாடகம் எழுதினார், சிறுகதை எழுதினார், குழந்தைகளுக்கென்றே தனியாகக் கதையும் பாட்டும் எழுதினார். ஆனையும் பூனையும், ஓலைக் கிளி, மாயக் கள்ளன், சூரப்புலி, கடக்கிட்டி முடக்கிட்டி என்று அந்தப் புத்தகங்களுக்குப் பெயர். கடைசிப் பெயரை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாக்கு தானே உருள்கிறது. சொன்னதுமே சிரிப்பு வருகிறது. மறுபடியும் சொல்லத் தோன்றுகிறது. ஆறு வயதுக் குழந்தை அந்த அட்டையைக் கண்டால், கிட்டி என்று முடியும் இரண்டு சொற்களும் ஒரே மாதிரி இருப்பதைக் கண்ணாலும் கண்டுகொள்ளும். ககரமும் டகரமும் அடி வாங்காமலே அதன் தலையில் ஏறிவிடும்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். ஏனென்றால் பாட்டும் கூத்தும் வகுப்பில் எதற்கு, விளையாடவா பிள்ளையை அனுப்பினோம் என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உண்டு.

தமிழ் எழுத்துக்கு ஓர் அருமையான இயல்பு உண்டு. குருவி என்று சொல்லிக் கைதட்டினால் மூன்று தட்டு. எழுதினால் மூன்று எழுத்து. தாளத்துக்குக் கைதட்டத் தெரிந்த குழந்தை எழுத்தைப் பிரிக்கவும் பாதி கற்றுவிட்டது. பட்டம் என்று வரும்போது நடுவிலே ஒரு ட், முடிவிலே ஒரு ம் தட்டுக்கு அடங்காமல் நிற்கும். அங்கே கையை மூடிக்காட்டச் சொன்னால் மெய்யெழுத்துக்குப் புள்ளி ஏன் வந்தது என்பதும் விளங்கிவிடும். ஆசிரியர் குழந்தைகளிடமே ஒரு மழைப் பாட்டைக் கேட்டு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கரும்பலகையில் எழுதுகிறார். பாடப் பாட ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கோலை நகர்த்துகிறார். மழை என்ற சொல் எத்தனை இடத்தில் இருக்கிறது, வட்டம் போடு என்கிறார். பாட்டு முன்பே வாயில் இருக்கிறது. கண் வாயைத் தொடர்ந்து போய், இந்த ஒலிக்கு இந்த உருவம் என்று தானே பிடித்துக்கொள்கிறது. படிக்கத் தெரியாது என்ற அச்சம் எழுவதற்கு முன்பே குழந்தை படித்துவிடுகிறது!

வாசலில் புள்ளிவைத்துக் கோலமிடும் சிறுமியின் விரலைப் பாருங்கள். சுழியும் வளைவும் அந்த விரலுக்குப் புதிதா? ஞகரமும் ஐகாரமும் கோலத்தைவிடக் கடினமா? அந்த விரலிலே முதல் நாளே பலப்பத்தைத் திணித்து, கோடு கோணினால் முட்டியில் அடித்தார்களே, அதுதான் கொடுமை. களிமண்ணில் யானை செய்யும் பையன் யா என்ற எழுத்தையும் களிமண்ணிலேயே உருட்டுவான். நாடகத்தில் நரியாக நடிக்க ஆசைப்படும் பிள்ளை, நரியின் வசனத்தைப் படிக்காமல் விடமாட்டான்.

ஒன்றையும் மறைக்க வேண்டாம். பாட்டை மட்டும் பாடிவிட்டு எழுத்தைக் காட்டாமல் விட்டால் கிளிப்பிள்ளைதான் மிஞ்சும். நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தின் கதை அதுதான். ஔவையின் ஆத்திசூடி உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் வரிசையாக வரும்படி கட்டிய நூல். அரிச்சுவடியைப் பாட்டாக்கிக் கொடுத்த அருஞ்செயல் அது. பாரதியாரும் பாரதிதாசனாரும் ஆளுக்கொரு புது ஆத்திசூடி எழுதியது அதனால்தானே! ஆனால் திண்ணையில் என்ன நடந்தது? சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் கத்த, பொருளும் போயிற்று, எழுத்தும் போயிற்று, தொண்டை மட்டும் கட்டியது. ஆகவே பாட்டு காதில் தொடங்கிக் கண்ணுக்கு இறங்க வேண்டும். கண்ணிலிருந்து விரலுக்கு வர வேண்டும். இதைச் செய்ய ஆசிரியருக்கு நேரம் வேண்டும், பொறுமை வேண்டும், பாடக் கூசாத மனமும் வேண்டும்.

தூரன் செய்த பணிகளுள் நாம் மிகுதியாக மதிப்பது, கச்சேரி மேடைக்கு அவர் எழுதிய நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளை அல்ல. நாட்டுப்புறத்து மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டி, காற்றில் வந்த கவிதை என்ற பெயரில் நூலாகத் தந்தாரே, அதைத்தான். ஏட்டில் ஏறாத பாட்டு, புலவர் முகம் சுளித்த பாட்டு, களையெடுப்பவளும் வண்டிக்காரனும் கட்டிய பாட்டு. அதைக் கவிதை என்று அழைத்து அச்சில் ஏற்றியபோது அவர் சொல்லாமல் சொன்னது என்ன? எழுத்தறியாதவர் மொழியறியாதவரல்லர் என்பதைத்தான். உன் தாய் பாடும் பாட்டு புத்தகத்தில் இருக்கிறது என்று காட்டினால், புத்தகம் தனக்கும் உரியது என்று குழந்தை நினைக்கும். வீட்டுப் பேச்சு இழிவு, பள்ளிப் பேச்சு உயர்வு என்ற எண்ணத்தோடு முதல் வகுப்பில் நுழையும் பிள்ளை வாயைத் திறக்குமா? வாய் திறக்காத பிள்ளை படிக்குமா?

இந்த எண்ணம் நம் நாட்டில் மட்டும் எழுந்ததன்று. ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளைக் கூட்டிவைத்து 1907இல் மரியா மாண்டிசோரி அம்மையார் பள்ளி தொடங்கினார். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவித் தடவியே அந்த ஏழைப் பிள்ளைகள் எழுதக் கற்றன. அதே அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். வங்கத்திலே தாகூர் 1930இல் சகஜ பாட் என்ற அரிச்சுவடியைச் சின்னஞ்சிறு கவிதைகளாக எழுத, ஓவியர் நந்தலால் போஸ் அதற்குப் படம் செதுக்கினார். பெரும் புலவரும் பெரும் ஓவியரும் ஆனா ஆவன்னாவுக்காகச் சேர்ந்து உட்கார்ந்தார்கள்! தாகூரைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் தூரனும் ஒருவர். தமிழ்நாட்டில் கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் குழந்தைகளுக்காகப் பாடினார்கள். பாரதிதாசனாரோ பள்ளி ஆசிரியராகவே வாழ்ந்தவர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கலையும் கைத்தொழிலும் பள்ளிக்குள் வருவதென்றால் நம் தோழர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். பார்க்கக் காரணமும் உண்டு. 1953இல் இராசாசி ஆட்சியில் தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் வந்ததே, மறந்துவிட்டோமா? குலக்கல்வி என்று பெயர் சூட்டி நாடே எதிர்த்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. குயவன் பிள்ளை களிமண்ணால் எழுத்துக் கற்றுக்கொள்வது ஒன்று. களிமண்ணே உனக்குப் போதும், எழுத்து எதற்கு என்பது இன்னொன்று. முன்னது ஏணி, பின்னது விலங்கு. வகுப்பறைக்குள் எந்தக் கலை வந்தாலும், குழந்தை முடிவில் படிக்கிறதா எழுதுகிறதா என்ற ஒரே கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தூரன் வாழ்க்கைக்குத் திரும்புவோம். அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். தமிழ் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. தமிழில் கலைக்களஞ்சியம் வேண்டும் என்று முடிவாயிற்று. 1948இல் அதன் முதன்மை ஆசிரியர் பொறுப்பைத் தூரனிடம் தந்தார்கள். மலையடிவாரத்தை விட்டு அவர் சென்னைக்குப் பயணமானார். கலைச்சொல் கிடைக்காத துறைகள், கட்டுரை தரத் தாமதித்த அறிஞர்கள், பணமுடை எல்லாவற்றையும் தாண்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்களை எழுதவைத்து, 1954இல் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். 1968இல் பத்தாம் தொகுதியோடு வேலை முடிந்தது. இருபது ஆண்டு உழைப்பு! அந்த ஆண்டே பத்மபூஷண் விருது கிடைத்தது. அறுபது வயது. வேறொருவராயிருந்தால் மாலையை வாங்கிக்கொண்டு சாய்வு நாற்காலியில் அமர்ந்திருப்பார்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்! பெரியவர்களுக்குப் பத்துத் தொகுதி என்றால் பிள்ளைகளுக்கும் பத்துத் தொகுதி. 1968 முதல் 1976 வரை அவை வெளிவந்தன. படங்களை நிறையச் சேர்த்து, எளிய சொற்களால் எழுதிய தொகுதிகள் அவை. பேரறிஞர்களின் கட்டுரைகளைத் திருத்திய அதே பேனாவால், வண்ணத்துப்பூச்சியையும் விண்மீனையும் பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்கினார். பெரியவர்களுக்கு எழுதுவது பெருமை, சிறுவர்களுக்கு எழுதுவது சில்லறை வேலை என்று நினைக்கும் எழுத்தாளர்கள் நம்மிடையே குறைவா?

மேடைகளில் தெலுங்கு கோலோச்சிய காலத்தில் தமிழிலே கீர்த்தனை செய்து தமிழிசைக்கு வலு சேர்த்தவர் என்பதற்காக, 1972இல் தமிழிசைச் சங்கம் இசைப் பேரறிஞர் பட்டம் வழங்கியது. அந்தப் பாடல்களில் உள்ள பக்தி நமக்கு உடன்பாடன்று. அதை ஒளிக்க வேண்டியதில்லை. தமிழ் நமக்கு உடன்பாடு. 1987 சனவரி 20ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் மறைந்த பிறகு காலம் அவர் பக்கமே வந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையிலும் பிற மாவட்டங்களிலும் பாட்டையும் வீதி நாடகத்தையும் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனதைத் தோழர்கள் பலர் கண்டிருப்பீர்கள். சிலர் அதில் பாடியும் இருப்பீர்கள். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்து, பிள்ளைகள் எழுத்தை மறந்த பின், 2022இல் தமிழ்நாட்டு அரசு எண்ணும் எழுத்தும் என்ற திட்டத்தை ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கொண்டுவந்தது. பாடலும் ஆடலும் பொம்மையும் படமும் அரசுப் பள்ளி வகுப்பறையில் முறைப்படி இடம்பெற்றன. நல்லது. ஆனால் கைப்பேசியில் பாட்டை ஓடவிட்டு ஆசிரியர் பதிவேற்றும் வேலையில் குனிந்திருந்தால் பயன் பாதிதான். ஆசிரியரின் சொந்தக் குரலில் வரும் பாட்டுக்கு ஈடில்லை. அதற்கு அவருடைய எழுத்து வேலையைக் குறைத்துத் தர வேண்டியது மேலிடத்தின் பொறுப்பு.

பெரியநாயக்கன்பாளையம் பக்கத்துப் பட்டறைகளில் இன்று ஒடியாவும் வங்கமும் இந்தியும் பேசும் தொழிலாளத் தோழர்கள் நம்மோடு தோள்சேர்த்து வேலை செய்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு தமிழ்ப் பள்ளி வாசலில் நிற்கிறார்கள். தமிழ்ச் சொல் ஒன்றும் தெரியாத அந்தப் பிள்ளை, வகுப்பில் முதலில் கலந்துகொள்வது பாட்டிலும் கைதட்டலிலும்தான். பொருள் தெரியாமலே தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. மொழியின் பெயரால் அந்தப் பிள்ளையை ஒதுக்கும் இடத்தில் நாம் நிற்கக் கூடாது.

தூரனின் நூல்களைத் தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. யாரும் அச்சிடலாம், யாரும் வழங்கலாம். காசு கேட்பார் இல்லை. நம் படிப்பகங்களின் அலமாரியில் அவருடைய குழந்தை நூல்களில் ஒன்றாவது இருக்கிறதா என்று கிளைத் தோழர்கள் பார்த்துவிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் ஒரு சிறு நூலை மலிவுப் பதிப்பாக அடித்துக்கொள்ள ஒரு கிளையாலும் முடியும். வரும் செப்டம்பர் 26 மாலை, வேலை முடிந்து வந்ததும், படிப்பகத்தில் ஒரு கரும்பலகையை மாட்டுங்கள். தெருப் பிள்ளைகளைக் கூட்டுங்கள். பாட்டுத் தெரிந்த பாட்டி ஒருத்தியை முன்னே உட்காரவையுங்கள். அவள் பாடட்டும்; எழுதத் தெரிந்த ஒரு தோழர் அதைப் பலகையில் எழுதட்டும்; பிள்ளைகள் அதைப் பார்த்துப் படிக்கட்டும்.